பிளாஸ்மா காசு, பாட்டில் காசு: வெளிநாட்டில் சிக்கனமாக இருந்த கதை

தண்டையார்பேட்டைக்காரன்:

2023 அக்டோபரில் முதுநிலைப் படிப்புக்காக ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரத்துக்குப் போனேன். அகஸ்தியா திரையரங்கம் இருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறார். விசாவுக்காக ஓராண்டுச் செலவுக்கான 11,208 யூரோவை முன்கூட்டியே அங்குள்ள கணக்கில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி வங்கிக் கடன், மிச்சம் அம்மாவின் நகையை அடகு வைத்துப் புரட்டியது. அந்தக் கணக்கிலிருந்து மாதம் 934 யூரோதான் எடுக்க முடியும். விடுதி வாடகையும் சுமார் 120 யூரோ மருத்துவக் காப்பீடும் போக மீதியில் ஒரு மாணவன் தாராளமாகவே வாழலாம். ஆனால் அது வட்டி ஏறிக்கொண்டிருக்கும் பணம் என்பதால், அதிலேயே மிச்சம் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டேன்.

முறையான பகுதிநேர வேலை உடனே கிடைக்கவில்லை. சட்டம் தடையாக இல்லை. நான் போனபோது மாணவர்கள் ஆண்டுக்கு 120 முழு நாள் வேலை செய்யலாம் என்றிருந்தது, 2024 மார்ச்சில் அதை 140 ஆக உயர்த்தினார்கள். எனக்குத் தடையாக இருந்தது மொழி. ஜெர்மன் பேசாதவனைக் கிடங்கு வேலைக்குக்கூட யோசித்துத்தான் எடுத்தார்கள். அந்த நான்கைந்து மாதங்களில்தான் சில்லறை வருமானங்களைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் காலி பாட்டில். அங்கே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட் என்று வாங்கும்போதே முன்பணம் பிடித்துக்கொள்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் இயந்திரத்தின் வாயில் பாட்டிலைப் போட்டால், சுழற்றிப் பார்த்துவிட்டுச் சீட்டு தரும். லேபிள் கிழிந்திருந்தாலோ நசுங்கியிருந்தாலோ வெளியே துப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் போனால், முந்தைய இரவு குடித்தவர்கள் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே பாட்டில்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். பொறுக்குபவர் தொட்டிக்குள் கைவிட வேண்டாமே என்று செய்கிற நல்ல பழக்கம் அது. ஆனால் எனக்கு முன்பே அங்கே வந்து நிற்பவர்கள் எழுபது வயதுக்காரர்கள். ஓய்வூதியம் போதாமல் வருகிறவர்களோடு போட்டி போடக் கூசியது. இரண்டு மாதத்தோடு நிறுத்திக்கொண்டு, விடுதி நண்பர்கள் கொடுக்கும் பாட்டில்களோடு திருப்திப்பட்டேன்.

அடுத்தது பல்கலைக்கழக ஆய்வுகள். உளவியல், நரம்பியல் துறைகளுக்கு எப்போதும் ஆள் தேவைப்படும். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு யூரோ கொடுப்பார்கள். மூளையின் மின்னலைகளைப் பதியும் மின்முனைத் தொப்பியை மாட்டிக்கொண்டு திரையில் வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். தலைமுடியில் ஒட்டிய பசை போக மட்டும் மூன்று முறை குளிக்க வேண்டும். ஒருமுறை மூளையை எம்.ஆர்.ஐ. எடுக்கும் ஆய்வு. உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று படிவத்தில் கேட்டிருந்ததற்கு இல்லை என்று எழுதிவிட்டு உடை மாற்றும்போதுதான், இடுப்பில் வெள்ளி அரைஞாண் கிடப்பது நினைவுக்கு வந்தது. பிறந்ததிலிருந்து மாற்றி மாற்றிப் போடப்பட்டு வரும் அது எனக்கு உடம்பின் ஒரு பகுதி மாதிரி. உலோகம் என்றே தோன்றவில்லை. ஆய்வை நடத்திய பெண்ணிடம் அரைஞாண் என்றால் என்ன என்று விளக்க என் ஜெர்மனும் போதவில்லை, ஆங்கிலமும் போதவில்லை. கொக்கி இறுகிப்போயிருந்ததால் கத்தரித்துத்தான் எடுத்தோம். அன்று கிடைத்தது 24 யூரோ. அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று விடுதிக்கு வந்ததும் ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டேன்.

இனி பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை மட்டும் கொடுப்பது. பதினெட்டு வயதுக்கு மேல், ஐம்பது கிலோ எடைக்கு மேல், அந்நாட்டு முகவரிப் பதிவு இருந்தால், மருத்துவர் பரிசோதித்துவிட்டுச் சேர்த்துக்கொள்வார். கையில் ஒரே ஒரு ஊசிதான். இயந்திரம் ரத்தத்தை இழுத்துச் சுழற்றி, மஞ்சள் நீரை மட்டும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, சிவப்பணுக்களை அதே ஊசி வழியாகத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும்போது தோள்வரை சில்லென்று ஏறும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதட்டில் எறும்பு ஊர்வது போலிருக்கும். உடனே செவிலியரைக் கூப்பிட வேண்டும், வீரம் காட்டக் கூடாது. என் எடைக்கு 750 மில்லி எடுத்தார்கள். ஆண்டுக்கு 60 முறைக்கு மேல் அங்கே அனுமதி இல்லை. நான் பிளாஸ்மா கொடுத்த மையத்தில் ஒரு முறைக்கு 25 யூரோ தந்தார்கள். அதைச் சம்பளம் என்று சொல்வதில்லை, வந்து போகும் சிரமத்துக்கான ஈடு என்பார்கள்.

நான் செய்த தவறையும் எழுதிவிடுகிறேன். வாரத்துக்கு ஒருமுறை 25 யூரோ வருகிறது, சாப்பாட்டையும் குறைத்தால் மிச்சம் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டேன். சோறு, ரசம், முட்டைக்கோஸ் பொரியல், ஊரிலிருந்து கொண்டுபோன நெத்திலிக் கருவாடு (இதைப் பொது அடுப்பில் வறுத்து ஒருநாள் விடுதி முழுவதையும் வெளியே நிற்க வைத்தது தனிக்கதை). மூன்றாவது மாதப் பரிசோதனையில் புரத அளவு இறங்கிவிட்டது, அடுத்த அறிவிப்பு வரை வரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிளாஸ்மாவோடு போவதில் தண்ணீரை ஒரே நாளில் குடித்து ஈடுகட்டலாம். புரதத்தைச் சாப்பிட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும். வயிற்றைக் கட்டிக்கொண்டே பிளாஸ்மாவும் கொடுப்பது என்பது பானையை ஓட்டை போட்டுவிட்டு அதில் தண்ணீர் சேர்ப்பது போல. அதன் பிறகு வாரம் இருபது முட்டையும் தயிரும் பருப்பும் அந்த வருமானத்திலிருந்தே வாங்கினேன். அப்படிப் பார்த்தால் 25 யூரோவில் கையில் நின்றது பதினெட்டுதான். இதற்கு நேர்மாறாக இன்னொரு நாள், நண்பன் வீட்டுப் பிரியாணியை வயிறு புடைக்கத் தின்றுவிட்டுப் போனேன். பாட்டிலில் இறங்கியது தெளிந்த மஞ்சளாக இல்லாமல் மோர் மாதிரி கலங்கி இருந்தது. கொழுப்பு. செவிலியர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிவிட்டுத் தலையை ஆட்டினார்.

எந்த மாதமும் இந்தப் பணத்தை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள். சளி பிடித்தால் வராதே என்பார்கள், பல் பிடுங்கினால் வராதே என்பார்கள். விடுமுறைக்குச் சென்னை வந்து திரும்பியபோது, மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்தவன் என்று என்னை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள்.

எர்ணாவூர்ப் பெண்:

தம்பி எழுதியதைப் படித்ததும் என் கதையையும் சொல்லத் தோன்றியது. நான் இங்கிலாந்தில் படித்தேன். படிக்கும் காலத்தில் மாணவர் விசாவில் வாரம் இருபது மணி நேர வேலைதான், சொந்தத் தொழில் செய்யவே கூடாது என்பதால், வம்பு எதற்கு என்று பணம் தரும் மருந்துப் பரிசோதனைகள் பக்கமே போகவில்லை. படிப்பு முடித்து இரண்டாண்டு தங்கும் விசாவுக்கு மாறிய பிறகுதான் விண்ணப்பித்தேன்.

முதல்முறை தேர்விலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். சிறுநீரில் போதைப்பொருள் சாயல் தெரிந்ததாம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு அந்த மருத்துவரே பொறுமையாகக் கேட்டு, முந்தின நாள் இரவு நான் வைத்த குருமாவில் அரைத்து ஊற்றிய கசகசாதான் காரணமாக இருக்கும் என்றார். கசகசா சாப்பிடக் கூடாது என்று அவர்கள் அனுப்பிய தாளிலேயே ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் கசகசா என்பது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை சேர்ந்தேன். ஆறு இரவு உள்ளேயே தங்க வேண்டும். கையில் குழாய், மணி அடித்தால் ரத்தம், தட்டில் வைத்ததை ஒரு பருக்கை விடாமல் இருபது நிமிடத்தில் தின்று முடிக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அந்நாடு முழுவதற்கும் பொதுவான பதிவேடு வைத்திருக்கிறார்கள். பணத்தில் ஒரு பகுதியைப் பல வாரம் கழித்து நடந்த கடைசிப் பரிசோதனைக்கு வந்த பிறகே கொடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் 2006 மார்ச்சில் லண்டனில் நடந்ததைச் சொன்னார். டி.ஜி.என். 1412 என்ற மருந்தை ஆறு பேருக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உள்ளுறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. எல்லோரும் பிழைத்தார்கள், ஒருவருக்குக் கால் விரல்கள் போயின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துக்குப் பதில் வெறும் உப்பு நீர் பெற்ற இருவர் ஒன்றும் ஆகாமல் அதே அறையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிய மருந்தை முதலில் ஓரிருவருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் அதன் பிறகுதான் இறுகியது. கேட்டுவிட்டு நான் அன்றிரவு தூங்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. காரணம் சொல்லாமல் எந்த நிமிடமும் விலகலாம் என்று நான் கையெழுத்திட்ட தாளில் இருந்தது, அதுவே தைரியமாக இருந்தது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் முகம் மாறுவதற்குக் காரணம் உண்டு. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்க் குடியிருப்புக்குக் கொண்டுவரப்பட்ட மீனவக் குடும்பப் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007-ல் வெளியானது. உறுப்பு விற்பனையைத் தடைசெய்து 1994-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் தரகர்கள் வந்தார்கள், பேசிய பணத்தைக்கூட முழுதாகக் கொடுக்கவில்லை. இடுப்பில் நீளத் தழும்போடு குடம் தூக்க முடியாமல் குழாயடியில் நின்றவர்களை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த காப்பீடோ, பிறகு வந்து காட்டு என்று கூப்பிட்ட மருத்துவரோ அவர்களுக்கு இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என் வார்டில் இருந்த பன்னிரண்டு பேரும் வாடகை பாக்கி உள்ளவர்கள்தான் என்பதையும் நான் கவனித்தேன்.

கல்மண்டபம் பெரியவர்:

நான் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் ஒர்க் பெர்மிட்டில் பதினோரு வருடம் இருந்தவன். அங்கே பெர்மிட்டில் எழுதியிருக்கும் முதலாளியைத் தவிர வேறு எவரிடமும் வேலை செய்யக் கூடாது. என் அறைக்காரன் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கழுவப் போய்ப் பிடிபட்டு, கடன் அடையாமலே ஊருக்குத் திரும்பினான். ரத்தத்துக்கு அங்கே காசு கிடையாது. கொடுத்தால் பிஸ்கட்டும் குடிக்க ஏதாவதும் தருவார்கள். நம் ஊரில் ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் விற்றுக் குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உச்ச நீதிமன்றம் சொல்லி 1998 முதல் அது நின்றது. பிள்ளைகள் எந்த நாட்டுக்குப் போனாலும் விசாத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் படித்துக்கொள்ளுங்கள். தம்பி, இதையெல்லாம் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் செய்தாயா?

தண்டையார்பேட்டைக்காரன்:

ஐயா, முதலில் சொல்லவில்லை. ஒருநாள் வீடியோ அழைப்பில் முழங்கை மடிப்பில் போட்டிருந்த பேண்டேஜை அம்மா பார்த்துவிட்டார். பிளாஸ்மா என்று நான் எவ்வளவு விளக்கியும், "எதை வித்தே?" என்ற ஒரே கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டார். அக்கா சொன்ன அதே எர்ணாவூர்தான் அவர் மனதில் இருந்தது. எங்கள் சித்தி குடும்பமும் அந்தக் குடியிருப்பில் சில வருடம் இருந்தது.

மொத்தம் 41 முறை கொடுத்தேன், 1,025 யூரோ வந்தது. அதில் முட்டைக்குப் போனது போக மிச்சம் அடகு வட்டிக்குப் போனது. நகையை மீட்டது, பின்னால் கிடைத்த கிடங்கு வேலைச் சம்பளத்தில்தான்.

படிப்பு முடித்து ஊருக்கு வந்த மூன்றாம் நாள், உடம்பைக் காட்டிவிட்டு வரலாம் என்று அம்மா என்னைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு ஸ்கேன் மையத்துக்குக் கூட்டிப்போனார். எதற்கு என்று சொல்லவில்லை. நான் மேசைமேல் படுத்து, ஸ்கேன் எடுக்கும் அம்மையார் என் வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்திக்கொண்டிருந்தபோது, தலைமாட்டில் நின்றிருந்த அம்மா குனிந்து மெதுவாகக் கேட்டார்: "ரெண்டும் இருக்காம்மா?" இருக்கிறது என்று அவர் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஸ்கேனுக்கான பணத்தை அம்மா தன் மணிபர்சிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அதற்குள் அவர் கண்ணில் என் இடுப்பில் கிடந்த கறுப்புக் கயிறு பட்டுவிட்டது.