கடைக் கணினியை வீட்டிலிருந்து திறக்க முடியவில்லை: 192.168 என்ற முகவரி எங்கே செல்லும்?

சிப்புட் கணக்கர்:

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை வாங்கி ஆலைக்கு அனுப்பும் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறேன். நிறுவைச் சீட்டுகள் எல்லாம் கடைக் கணினியில்தான் இருப்பதால், மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணிவரை அங்கேயே உட்கார வேண்டியுள்ளது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று எண்ணி, அக்கணினியின் ஐபி முகவரியான 192.168.0.105 என்பதைக் குறித்துக்கொண்டு வந்தேன். கடைக்குள் இன்னொரு மடிக்கணினியிலிருந்து உடனே இணைந்த அந்த எண், வீட்டில் இணைய மறுக்கிறது. தேடிப் பார்த்தால் நாட், போர்ட் ஃபார்வர்டிங், விபிஎன் என்று சொற்களாகவே வருகின்றன. இவை ஒன்றோடொன்று எப்படித் தொடர்புடையவை என்று யாராவது விளக்குவீர்களா?

கிராணி மகன்:

வணக்கம் ஐயா. என் தந்தையார் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர் என்பதால், எனக்கு இது அந்த மேசையை வைத்துத்தான் புரிந்தது. லயத்து வீடுகளுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, எண் உண்டு. ஆனால் 12ஆம் எண் வீடு எல்லாத் தோட்டங்களிலும் இருக்கும். தபால்காரருக்குத் தெரிந்ததெல்லாம் ஆபீஸ் முகவரி மட்டுமே. உங்கள் 192.168.0.105 அத்தகைய லயத்து எண்தான். 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையிலானவை ஆகியவற்றை உள்வலைப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டு ரூட்டரும் 192.168.0 வரிசையையே பயன்படுத்தினால், நீங்கள் இவ்வளவு நேரம் தட்டிக்கொண்டிருந்தது உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் கதவாகக்கூட இருக்கலாம்!

ஆபீஸ் முகவரிதான் பொது ஐபி. கிராணியின் வேலைதான் நாட். லயத்திலிருந்து யாராவது கடிதம் அனுப்பினால் அவர் அதைக் குறித்துக்கொள்வார், பதில் வந்ததும் உரியவரிடம் சேர்ப்பார். யாரும் எழுதாமலே வெளியிலிருந்து வரும் கடிதத்தை எந்த வீட்டில் கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது. அது மேசையிலேயே கிடக்கும். "3389 என்று குறித்து வருவதெல்லாம் 105ஆம் வீட்டுக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். போர்ட் என்பது வருவது எந்தச் சேவைக்கு என்று குறிக்கும் எண்; ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வழக்கமானது 3389. இந்த 105ஐ ரூட்டர் வேறொரு நாள் வேறொரு கருவிக்குக் கொடுத்துவிடக்கூடும் என்பதால், அதைக் கடைக் கணினிக்கென்றே ஒதுக்கிவைக்க வேண்டும்.

இரவுப்பணி:

விளக்கம் அருமை. ஆனால் ஐயா, 3389ஐ மட்டும் தயவுசெய்து திறந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை என் வீட்டுக் கணினிக்கு அப்படித் திறந்துவைத்தேன். மறுநாள் காலை விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 4625 என்ற எண்ணுடைய பதிவுகள், அதாவது தோற்றுப்போன நுழைவு முயற்சிகள், பக்கம் பக்கமாக நின்றன. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பெயரில் யாரோ கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இணையம் முழுவதையும் துழாவும் நிரல்கள் ஓய்வதில்லை. போர்ட் எண்ணை மாற்றினால் கொஞ்சம் தாமதமாகக் கண்டுபிடிப்பார்கள், அவ்வளவுதான்.

விபிஎன் என்பது உங்கள் வீட்டு மடிக்கணினியையே மறையாக்கப்பட்ட வழியில் கடை வலைக்குள் கொண்டுபோய் உட்கார வைப்பது. அதன் பிறகு 192.168.0.105 என்ற அதே எண் வேலை செய்யும். ஆயினும் இரண்டு இடங்களிலும் ஒரே வரிசை இருந்தால் குழப்பம் நேரும் என்பதால், கடை ரூட்டரை 192.168.50 வரிசைக்கு மாற்றிவிடுங்கள். கணினியின் எண்ணும் அப்போது மாறும்.

கம்பிவால்:

எல்லாவற்றுக்கும் முன்பு ஒன்றைப் பாருங்கள். ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி ஐபி என்று என்ன எண் இருக்கிறது? அது 100.64 முதல் 100.127 வரையிலான ஏதாவதொன்றில் தொடங்கினால், உங்கள் ஆபீசுக்கு மேலேயும் இன்னொரு பெரிய ஆபீஸ் இருக்கிறது என்று பொருள். ஐபிவி4 முகவரிகள் (நாம் பேசும் இந்த நான்கு எண் வகை) போதாமையால், இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கின்றன; அதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்ட வரிசை இது. அந்த மேல்கிராணியிடம் நீங்கள் எதையும் சொல்லிவைக்க முடியாது என்பதால் போர்ட் ஃபார்வர்டிங் பயன்படாது. கடைக் கணினியே வெளியே சென்று இணைப்பை ஏற்படுத்தும் வகையிலான விபிஎன் தேவைப்படும்.

சிப்புட் கணக்கர்:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை கடையில் பார்த்தேன், 100.81 என்று தொடங்குகிறது. கம்பிவால் அவர்கள் சொன்ன வகை விபிஎன்னை இரண்டு கணினிகளிலும் நிறுவினேன். இணைப்பு வந்தது, பத்து நிமிடத்தில் அறுந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால் கடைக் கணினி உறங்கிவிட்டிருந்தது. உறக்க அமைப்பை அணைத்தபின் நேற்றைய நிறுவைச் சீட்டுகளை வீட்டிலிருந்தே சரிபார்த்துவிட்டேன்; அதில் ஒரு லாரியை இருமுறை பதிந்திருக்கிறோம்.