‘திசைவி முகவரி’ வேண்டாம், ‘திசைவியெண்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

வலையமைப்பில் தரவை வழிநடத்தும் திசைவிகள் (router) பாதைத் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை ஓஎஸ்பிஎஃப் (OSPF). அதில் ஒவ்வொரு திசைவிக்கும் தரும் அடையாளத்தை (router ID) தமிழில் ‘திசைவி முகவரி’ என்று எழுதலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு பயிற்சிக் குறிப்பில் நானே அப்படி எழுதினேன். கிண்டியில் வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் அதைப் படித்துவிட்டு, ஒரு திசைவியின் அடையாளமான 7.7.7.7-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்பிக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை. திசைவி செயலிழந்துவிட்டது என்று முடிவுகட்டி, மின்கம்பியைப் பிடுங்கவே போய்விட்டார். திசைவி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 7.7.7.7 அதன் எந்த இடைமுகத்திலும் (வலையோடு இணையும் வாயிலிலும்) முகவரியாக இல்லை. நாங்கள் அதற்கு இட்ட எண், அவ்வளவுதான். முகவரி என்று எழுதிக் கொடுத்தால் யாருக்கும் அங்கே போய்க் கதவைத் தட்டத்தான் தோன்றும்.

1998-இல் வெளியான, இந்த நெறிமுறையின் வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 2328 இதை 32 பிட் எண் என்றே வரையறுக்கிறது. நான்கு கூறாகப் புள்ளி வைத்து எழுதுவதால் ஐபி முகவரி போலத் தெரிகிறது. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் எண் தராவிட்டால் சிஸ்கோ திசைவி, லூப்பேக் இடைமுகங்களில் (கம்பி இல்லாமல் மென்பொருளிலேயே அமைப்பவை) உள்ள மிகப் பெரிய ஐபி முகவரியை எடுத்துக்கொள்ளும். லூப்பேக் இல்லையென்றால், இயங்கும் மற்ற இடைமுகங்களில் மிகப் பெரியதை. முகவரியிலிருந்து எடுத்தது என்பதற்காக அது முகவரி ஆகிவிடாது. பிறகு அந்த இடைமுகத்தின் முகவரியை மாற்றினாலும், நெறிமுறையை மறுபடி தொடங்கும்வரை பழைய எண்ணே நிற்கும். நம் சென்னைத் தெருக்களில் ‘பழைய எண், புதிய எண்’ என்று வாசலில் இரண்டு எழுதியிருக்கிறார்களே, கதவு எண் மாறியதால் உள்ளே குடியிருப்பவர் வேறு ஆளாகிவிட்டாரா?

மாற்றாகச் சொல்லக்கூடிய ‘அடையாளங்காட்டி’ என்பது நாட்காட்டி, வழிகாட்டி போல எதையோ காட்டும் பொருளாக ஒலிக்கிறது. ‘திசைவி அடையாளம்’ பிழையில்லை. ஆனால் இரண்டு திசைவிகளைப் பற்றி ‘இரண்டுக்கும் ஒரே அடையாளம்’ என்றால் தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பதாகவும் கொள்ளலாம். ‘இரண்டுக்கும் ஒரே திசைவியெண்’ என்றால் தவறு பளிச்சென்று தெரிகிறது. ஒரே எண் கொண்ட இரண்டும் அடுத்தடுத்து இருந்தால், தகவல் பகிரும் அண்டைகளாகச் சேரவே மாட்டா. வலையமைப்பைப் பிரித்த ஒரே பகுதிக்குள் (area) தள்ளித் தள்ளி இருந்தால் தொல்லை இன்னும் பெரிது: ஒன்று தன் இணைப்புகளைப் பற்றி அனுப்பும் இணைப்புநிலை அறிவிப்பை மற்றது தன்னுடைய பழைய அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டு, வரிசை எண்ணைக் கூட்டிப் புதிதாக வெளியிடும். பதிலுக்கு முதல் திசைவியும் அப்படியே வெளியிடும். ஓயவே ஓயாது.

திசைவி + எண், யகர உடம்படுமெய் பெற்றுத் திசைவியெண். இந்த நெறிமுறையில் பகுதிக்கும் 32 பிட் எண்தான் என்பதால் ‘பகுதியெண்’ என்ற இணைச்சொல்லும் கிடைக்கிறது. ஒரே வலையில் உள்ளவற்றுக்கு மையமாக நின்று தகவல் பரப்பும் நியமிக்கப்பட்ட திசைவியைத் (designated router) தேர்ந்தெடுக்கும்போது, முன்னுரிமை சமமாக இருந்தால் ‘பெரிய திசைவியெண் வெல்லும்’ என்று இயல்பாக எழுத முடிகிறது. ‘பெரிய அடையாளம் வெல்லும்’ என்று எழுதிப் பாருங்கள், வாய்க்கு ஒட்டவில்லை.

என் குறிப்பைத் திருத்தத் தொடங்கிவிட்டேன். தனித்தனி வலையமைப்புகளுக்கு இடையே பாதைத் தகவல் பகிரும் பிஜிபி (BGP) நெறிமுறையிலும் இதே வேலைக்கு 32 பிட் எண் ஒன்று உண்டு. அதற்கும் இச்சொல்லையே ஆளலாமா, தனிச்சொல் வேண்டுமா என்பதை அதில் பழகியவர்கள் எழுதுங்கள்.