பிரதேச சபைத் தேர்தல்: நாலு வேட்பாளரோடு கதைத்தேன், மதவு பற்றியும் கிணறு பற்றியும்

எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரை வருசத்துக்கு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்கு வந்தவன், 2025 மே 6 பிரதேச சபைத் தேர்தல் முடியும்வரை நிற்போம் என்று பயணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டேன். போன கிழமை இங்கே, வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்தின் குழுவில், ஒருவர் "இந்த முறை எங்கள் வட்டாரத்துக்கு யார் திறம்?" என்று ஒற்றை வரியில் கேட்க, அதற்குக் கீழே ரொறன்ரோவும் லண்டனும் ஒஸ்லோவும் கட்சி கட்சியாகப் பிரிந்து நின்று அடிபட்டதைப் பார்த்தேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு வாக்குப் போடுகிற வசதி இலங்கையில் இல்லை, ஆனாலும் சண்டைக்கு மட்டும் குறைவில்லை. எனக்கு வேட்பாளர்கள் எல்லோரும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறார்கள். போய்க் கேட்டேன். யார் எந்தச் சின்னம் என்று எழுத மாட்டேன், எழுதினால் மறுபடியும் தொடங்குவீர்கள்.

றோட்டும் தெருவிளக்கும் பற்றி நான் கேட்கவில்லை. அதை அவர்களே கேட்காமல் சொல்வார்கள். நான் கேட்டது வெள்ளம், கிணறு, குப்பை இந்த மூன்றும்தான்.

ஏன் வெள்ளத்தில் தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும். போன நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழையை நீங்கள் எல்லோரும் காணொளியில் பார்த்தீர்கள், சங்கமும் உலர் உணவுக்குக் காசு அனுப்பியது. எங்கள் ஒழுங்கையில் வடக்கு வீட்டு மாமியின் குசினிக்குள் மூன்று நாள் முழங்காலளவு தண்ணீர். அவ கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் வெள்ளம் ஏறியதில்லை. வந்த முதல் நாளே போய் சுகம் விசாரித்தேன். தேத்தண்ணி தந்துவிட்டு, கோபமே இல்லாமல், "தம்பி, உன்ர மதில்தான் மறிச்சது" என்றா.

உண்மைதான். 2019இல் வீடு கட்டியபோது வளவுக்கு இரண்டடி மண் போட்டு உயர்த்தி, சுற்றிவர மதில் எழுப்பி, முற்றம் முழுக்க இன்ரலொக் கல் பதித்தேன். கிடுகுவேலி இருந்த காலத்தில் மாமி வளவுத் தண்ணீர் வேலிக்குக் கீழால் வந்து, எங்கள் வளவுக்குள்ளால் ஓடி, தரவை வெளியில் பரந்து, கடைசியில் குளத்துக்குப் போகும். எங்கள் மண் ஏறக்குறைய மட்டமான மண், தண்ணீருக்கு வழி காட்டுவதற்கு விரற்கடைச் சரிவு போதும், அதை மறிப்பதற்கும் ஒரு வரிசைக் கல் போதும். என் வரைபடத்துக்கு சபையில் அனுமதி எடுத்தேன். மண் போட்டு உயர்த்துவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

இந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டுத்தான் வேட்பாளர்களிடம் கேள்வி கேட்டேன். இல்லாவிட்டால் "வெளிநாட்டுக்காரர் வந்து பாடம் எடுக்கிறார்" என்று ஆகிவிடும். (அப்படியும் ஆனது, அது பிறகு.)

முதலாவது ஆள் இரும்புக் கடை வைத்திருப்பவர். வெள்ளத்துக்கு அவரிடம் உடனடி மருந்து இருக்கிறது: ஒழுங்கைகளுக்கெல்லாம் கொங்கிரீட் வாய்க்கால். சரி, அந்த வாய்க்கால் எங்கே போய் முடியும் என்று கேட்டேன். பிரதான வீதி வாய்க்காலில். அது எங்கே போகும்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது றோட்டுத் திணைக்களத்தின்ர, எங்களுக்குப் பொறுப்பில்லை" என்றார். அந்தப் பிரதான வீதி வாய்க்கால் குளத்துக்கு முன்னால் இரண்டு கடைகளின் படிக்குக் கீழே மூடப்பட்டிருக்கிறது, அதில் ஒன்று அவருடைய கடை. நல்ல மனிசன், இளநி வெட்டித் தந்தார். ஆனால் அவருடைய திட்டத்தின்படி மழைத்தண்ணீர் முழுக்க வேகமாக ஓடிப்போய் ஓரிடத்தில் முட்டி நிற்கும், அவ்வளவுதான்.

குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேல் குளங்கள் இருந்தன என்று சின்ன வயதில் படித்தோம், ஏன் அத்தனை என்று யோசித்தோமா? ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். மிச்ச எல்லாம் குளத்தில் தேங்கி, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கிணற்றில் ஊறுகிற தண்ணீர். அந்த நல்ல தண்ணீர் நிலத்துக்குக் கீழே உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு அந்த 40 அடிக்கும் ஏறிவரப் பார்க்கும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் அடியில் உவரும் இருப்பதும் இதனால்தான். ஆகவே வாய்க்காலைக் கடல்வரை கொண்டுபோய் விடுகிற வேட்பாளர் வெள்ளத்தைத் தீர்க்கிறார் என்றால், பங்குனி சித்திரையில் கிணற்றுக்கு என்ன செய்வார் என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆள் ஓய்வுபெற்ற ஆசிரியர். இதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தொண்டைமானாற்றுத் தடுப்பணை, ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்குகிற பழைய திட்டம் எல்லாம் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார், எனக்கும் கேட்க விருப்பமாக இருந்தது. பிறகு மெதுவாக, குளத்தின் மேற்குக் கரையில் கட்டட இடிபாடு கொட்டி நிரப்பியிருக்கிறதே, அதை நிறுத்துவீர்களா என்று கேட்டேன். குரல் இறங்கிவிட்டது. "சட்டம் இருக்குத்தானே, சபைச் செயலாளர் நடவடிக்கை எடுக்கலாம்." சட்டம் இருப்பது உண்மை. வயற்காணியை அனுமதியில்லாமல் நிரப்பக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எந்தக் குளம் சபையுடையது, எது கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடையது, எது கோயிலுடையது என்று ஆளையாள் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அந்த இடைவெளிக்குள்தான் உழவு இயந்திரம் இடிபாட்டோடு வந்து போகிறது. அதைவிட, 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த நாளிலிருந்து இந்தத் தேர்தல்வரை செயலாளர்கள்தான் எல்லாம். இரண்டு வருசத்துக்கு மேலாக, ஏன் இந்த அனுமதி கொடுத்தீர்கள் என்று கூட்டத்தில் எழும்பிக் கேட்க ஒரு உறுப்பினர் இல்லை.

கிணற்றைப் பற்றி அவரிடமும் மற்றவர்களிடமும் கேட்டபோது எல்லோரும் ஒரே பதில்: "குழாய்த் தண்ணி வருகுதுதானே." தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குகிற நிலையம் போன வருசம் ஓகஸ்டில் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கன மீற்றர். நல்ல விசயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் குழாயில் வருகிற தண்ணீர் குளித்துத் தோய்த்த பிறகு எங்கே போகும்? எங்கள் வலிகாமப் பகுதியில் கழிவுநீருக்குக் குழாய் இல்லை. வீட்டுக்கு வீடு குழி, குழியிலிருந்து அதே சுண்ணாம்புக் கல்லுக்குள். கூடுதலாகத் தண்ணீர் வந்தால் கூடுதலாகக் கழிவு இறங்கும்.

இதில் காணிப் பிரிப்பைக் கவனியுங்கள். கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடியாவது வேண்டும் என்பது அப்பா காலத்துக் கணக்கு, வெடிப்பும் குகையுமான எங்கள் கல்லில் அதுவே போதாது என்பது வேறு. ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச், சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 52 அடி. இப்போது தோட்டக்காணிகளை இரண்டு பரப்புத் துண்டுகளாக வெட்டி விற்கிறார்கள், துண்டுக்கு ஒரு கிணறு, துண்டுக்கு இரண்டு மூன்று கழிவறை. உங்கள் கிணற்றிலிருந்து தள்ளிக் குழி வெட்டினால் அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டப் போகும், வேறு வழியே இல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதற்குத் தோட்டத்து உரம் ஒரு காரணம், இந்தக் குழிகள் இன்னொன்று. பால்மாவுக்கு அந்தத் தண்ணீர் கலக்கிற வீடுகளும் இருக்கின்றன.

சுன்னாகத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மின்நிலையப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்து, உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இரண்டு கோடி ரூபா இழப்பீடு என்று தீர்த்தது. வழக்குப் போட்டவர் தெற்கிலிருந்து ஒரு சூழலியலாளர், எங்கள் ஆட்கள் இல்லை, இதை ஏனோ நாங்கள் அதிகம் பேசுவதில்லை. எண்ணெயாவது கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது. நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை மணமுமில்லை, அதனால் அதைச் சொல்லி வாக்குக் கேட்கவும் ஒருவரும் இல்லை.

மூன்றாவது ஆள் ஒரு தங்கச்சி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவவிடம் ஒரு கொப்பி இருந்தது. போன மார்கழியில் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் வந்து சனம் செத்தபோது வீடு வீடாகப் போனவ, அப்போது எழுதி வைத்தது: எந்த ஒழுங்கையில் எந்த மதவு (றோட்டுக்குக் கீழால் தண்ணீர் போகிற வழி) மூடியிருக்கு, யார் மூடினது, குப்பை உழவு இயந்திரம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகுது, வராத நாளில் சனம் எங்கே எரிக்குது. கக்கூஸ் குழி எடுக்கிற பவுசர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுது என்று நான் கேட்க, "அண்ணை, அதைத்தான் நானும் தேடுறன், ஒருத்தரும் சொல்லீனம் இல்லை" என்றா. நாலு பேரில் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள்.

ஆனால் அவவின் பெயர் வட்டாரத்தில் இல்லை, மேலதிகப் பட்டியலில் இருக்கிறது. இந்தத் தேர்தல் முறை உங்களில் பலருக்குப் புதிது. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல், நாலில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும், வாக்கு ஒன்றுதான். பட்டியலுக்குக் கிடைக்கிற கதிரையில் யாரை இருத்துவது என்பதை வாக்கு எண்ணிய பிறகு கட்சிதான் சொல்லும். கொப்பி வைத்திருப்பவவைப் போடுவார்களா, கட்சிச் செயலாளரின் மச்சாளைப் போடுவார்களா, தெரியாது. சங்கம் என்ற பெயரில் நாங்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம், அந்தக் கட்சிக்காரரிடம் இப்போதே இதைக் கேட்பது.

(குப்பை சாதாரண விசயம் என்று நினைக்கிறவர்களுக்கு: 2021 ஏப்ரலில், தெருவில் குப்பை போடுகிறவர்களைப் பிடிக்க ஐந்து பேருக்குச் சீருடை போட்டு இறக்கினதற்காக யாழ்ப்பாண மேயரையே கைது செய்தார்கள். சீருடையின் நிறம் புலிகளின் காவல்துறையை ஞாபகப்படுத்துதாம், அதுதான் பிரச்சினையாம். எங்கள் நாட்டில் குப்பை அள்ளுவதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.)

நாலாவது ஆள் சுயேச்சை, ஓட்டோ ஓடுகிற பெடியன். என்னைக் கதிரையில் இருக்கக்கூடச் சொல்லவில்லை. "நீங்கள்தான் முதல்ல நிப்பாட்டவேணும்" என்று தொடங்கினார். தோட்டக்காணிக்கு ஊர்ச் சனத்தால் எட்ட முடியாத விலை சொல்ல வைத்தது யார், வருசத்தில் மூன்று கிழமை இருப்பதற்கு ஆறு அறை வீடும் ஆறு கழிவறையும் கட்டுவது யார், பனையைத் தறித்து மதில் கட்டுவது யார், தேர்த்திருவிழாவுக்கு வாகனம் விட இடமில்லை என்று குளத்து மூலையை நிரப்பச் சொல்லிச் சபைக்குக் கடிதம் கொடுத்தது யார் என்று வரிசையாகக் கேட்டார். கடைசியாகச் சொன்ன கடிதம் எங்கள் சங்கத்துடையது. 2022இல் போனது. நானும் "ஆம்" என்று கை உயர்த்தினேன், கூட்டக் குறிப்பில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

அவருக்குத் திட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வயல் நிரப்ப விடமாட்டேன் என்கிறார், எப்படி என்றால் "மறிச்சு நிப்பன்" என்கிறார். சபைக்குள் ஒற்றை ஆளாகப் போய் என்ன செய்ய முடியும் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் நாலு பேரிலும் எங்களுக்கு முகத்துக்கு நேரே கதைத்தவர் அவர். மற்ற மூவருக்கும் சங்கத்தின் காசு தேவை, அதனால் எங்களை நோகடிக்காமல் பதில் சொன்னார்கள் என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

வருகிற ஞாயிறு பின்னேரம் சனசமூக நிலையத்தில் நாலு பேரையும் ஒன்றாக இருத்தி, ஊர்ச் சனத்துக்கு முன்னால் கேட்க வைக்கலாம் என்று நிலையத் தலைவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். கேட்க நினைப்பதை வியாழனுக்கு முதல் அனுப்புங்கள். நான் கேட்கப் போவது: புது வரைபடத்தில் நிலமட்டமும் தண்ணீர் போகிற வழியும் குறிக்காமல் அனுமதி கொடுப்பீர்களா, மூடிய மதவுகளை உங்கள் சொந்தக்காரன் மூடியிருந்தாலும் திறப்பீர்களா, பவுசர் எங்கே கொட்டுகிறது. றோட்டுக்குக் காபெட் போட நாங்கள் ஒதுக்கியிருக்கிற காசில் ஒரு சதமும் மதவுகள் திறக்கும்வரை போகக்கூடாது என்றும் செயற்குழுவைக் கேட்கிறேன். 2022 கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் ஞாயிறுக்கு முன் வந்தால் பெடியனுக்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் முகம் இருக்கும்.

மதிலில் மாமி பக்கம் மூன்று இடத்தில் துவாரம் விட மேசன் வெள்ளிக்கிழமை வருகிறார். முற்றத்து இன்ரலொக் கல்லில் பாதியையும் கிளப்பச் சொல்லியிருக்கிறேன், எனக்கு வெயில் தலைக்கடித்துவிட்டது என்று நினைக்கிறார். கல் நல்ல கல், ஊரில் யாருக்கும் மாட்டுக் கொட்டிலுக்குத் தேவையென்றால் வந்து ஏற்றச் சொல்லுங்கள். முற்றத்துக்கு என்றால் தரமாட்டேன்.