அந்த அரை மணி நேரம்: அண்டர்வுட் ஊருக்காகவா மிச்சிகன் போனான்?
(அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் விவாதம், 2025 சீசன் தொடங்கும் முன்)

பேட்டன்ரூஜ் புலி:
நேற்று நம் ஃபுட்பால் வாட்ஸ்அப் குழுவில் மிச்சிகன் ரசிகர் நீலமஞ்சள் எழுதியதைப் படித்ததில் இருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பிரைஸ் அண்டர்வுட் பணத்துக்காக வரவில்லை, சொந்த ஊருக்குத் திரும்பினான். பெல்வில்லில் இருந்து ஆன் ஆர்பர் அரை மணி நேரம்தான்" என்று எழுதியிருந்தார். பெல்வில் அவன் ஊர், ஆன் ஆர்பர் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். 2024 ஜனவரி 6 அன்று பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பையன் பேட்டன்ரூஜில் இருக்கும் எங்கள் எல்.எஸ்.யூ-வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) வருவதாகக் கமிட் செய்தான், அதாவது வாக்குக் கொடுத்தான். நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த குவார்ட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். நவம்பர் 21 அன்று மிச்சிகன் பக்கம் தாவினான். ஒன்று கேட்கிறேன். ஜனவரியில் பெல்வில் எங்கே இருந்தது? அப்போதும் அதே அரை மணி நேரம்தானே? நடுவில் ஊரா நகர்ந்தது, மைதானமா நகர்ந்தது?

நீலமஞ்சள்:
குழுவில் எழுதியதைப் பொதுவில் இழுத்து வருவது என்ன பழக்கம்? சரி, வந்துவிட்டீர்கள், பதில் சொல்கிறேன். ஜனவரி 2024 எப்படிப்பட்ட மாதம் என்று நினைவிருக்கிறதா? 8-ம் தேதி ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று அடித்துத் தேசியக் கோப்பை வாங்கினோம். மாதம் முடிவதற்குள் எங்கள் பயிற்சியாளர் ஹார்பா தொழில்முறை அணியான சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் இருப்பாரா மாட்டாரா என்று தெரியாத கல்லூரியை 16 வயதுப் பையன் எப்படித் தேர்வு செய்வான்? அடுத்த பயிற்சியாளராக வந்த ஷெரோன் மூர் நிலைபெற்ற பிறகு யோசித்தான், வீட்டுப் பக்கம் வந்தான். அம்மா அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து பார்க்கலாம்.

பேட்டன்ரூஜ் புலி:
அம்மா அப்பா ஜனவரியிலும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அதே அரை மணி நேரம். நான் கேட்டதற்கு இது பதில் இல்லை.

கொலம்பஸ்காரன்:
ஒஹாயோ ஸ்டேட் ரசிகனாக உள்ளே வருகிறேன். புலி சொல்வதுதான் உண்மை. அவனுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் என்று எல்லாச் செய்தியிலும் வந்தது. அதற்கு உதவியவராக ஆரக்கிள் நிறுவனர் லாரி எல்லிசன் பெயரும் அடிபட்டது, அவர் மனைவி மிச்சிகனில் படித்தவர். இத்தனைக்கும் மேல் "ஊர்ப் பாசம்" என்று பேசுவது வெட்கக்கேடு.

நீலமஞ்சள்:
கொலம்பஸ் அண்ணே, பணத்தைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? 2024 அணியின் வீரர்களுக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் என்று உங்கள் விளையாட்டு இயக்குநர் ராஸ் பியோர்க் வாயாலேயே சொன்னார். அந்த 2 கோடி அணியை நவம்பர் 30 அன்று உங்கள் மைதானத்திலேயே 13-10 என்று சாய்த்தோம். அந்த வருடம் எங்களுக்கு உருப்படியான குவார்ட்டர்பேக்கே கிடையாது. மூன்று பேரை மாற்றி மாற்றி இறக்கினோம்.

கொலம்பஸ்காரன்:
அந்த வருடக் கோப்பை யாருக்கு வந்தது? ஜனவரி 20, நோட்டர் டேமுக்கு எதிராக 34-23. அதையும் சொல்லுங்கள்.

நீலமஞ்சள்:
13-10.

கொலம்பஸ்காரன்:
34-23.

நீலமஞ்சள்:
உங்களைத் தொடர்ந்து நான்கு வருடம் ஜெயித்தோம். 2021, 22, 23, 24. விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

பேட்டன்ரூஜ் புலி:
நீங்கள் இருவரும் வேறு இடத்தில் சண்டை போடுங்கள். இங்கே கேள்வி அரை மணி நேரம் பற்றியது. பேட்டன்ரூஜ் அந்த வீட்டில் இருந்து ஆயிரம் மைலுக்கு மேல். அந்தத் தூரம் தெரிந்துதான் வருகிறேன் என்றான். பத்து மாதம் எங்கள் சட்டையைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டான். அந்தப் பத்து மாதமும் நாங்கள் வேறு பெரிய குவார்ட்டர்பேக் பின்னால் போகவில்லை. எங்கள் வகுப்பையே, அதாவது அந்த வருடம் சேர்க்கும் புது வீரர்களை, அவனைச் சுற்றித்தான் கட்டினோம். இது ரசிகனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியுமா? பிப்ரவரியில் இருந்து ஆகஸ்ட் வரை ஆட்டம் கிடையாது. யார் வருகிறான், யார் போகிறான், யார் எந்த வளாகத்தைப் பார்க்கப் போனான் என்ற செய்திதான் எங்களுக்குச் சோறு. நான் ஒவ்வொரு காலையும் காபி போடும் முன் அதைத்தான் பார்ப்பேன். நவம்பர் 21 அன்றும் அப்படித்தான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று இரவு நான் சாப்பிடவே இல்லை.

புதுவரவு:
மன்னிக்கவும், இப்போதுதான் இந்த விளையாட்டைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். கமிட் என்றால் சட்டப்படி கட்டுப்படுத்துமா? கையெழுத்து வேறு, கமிட் வேறா?

ஆஸ்டின் அண்ணாச்சி:
தம்பி, கமிட் என்பது வெற்றிலை பாக்கு மாற்றுவது மாதிரி. கையெழுத்துதான் தாலி. அந்த வருடம் கையெழுத்து நாள் டிசம்பர் 4. நவம்பர் 21 அன்று தாலி ஏறவில்லை. வேறு மாப்பிள்ளை பார்க்கலாம்.

பேட்டன்ரூஜ் புலி:
அண்ணாச்சி, எங்கள் ஊரில் வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு பின்வாங்கினால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அதுவும் ஒரு வாக்குதான்.

ஆஸ்டின் அண்ணாச்சி:
எங்கள் ஊரில் சீர் சரியாக வரவில்லை என்றால் மாற்றிக்கொள்வார்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பேட்டன்ரூஜ் புலி:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! சீர்தான் காரணம், ஊர் இல்லை. நீலமஞ்சள், அண்ணாச்சியே ஒப்புக்கொண்டார், பார்த்தீர்களா?

ஆஸ்டின் அண்ணாச்சி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தம்பிக்கு விளக்கம் சொன்னேன்.

நீலமஞ்சள்:
புலி, வாக்கு பற்றி எல்.எஸ்.யூ ரசிகர் பேசலாமா? உங்கள் பயிற்சியாளர் பிரையன் கெல்லி 2021-ல் நோட்டர் டேமை விட்டு எப்படி வந்தார்? நோட்டர் டேம் 11 வெற்றி, 1 தோல்வி என்று இருந்தது, கோப்பைக்கான பிளே-ஆஃபில் இடம் கிடைக்குமா என்ற முடிவுகூட வரவில்லை. அந்தப் பையன்களை நடுவில் விட்டுவிட்டு 10 வருடம், 9.5 கோடி டாலர் என்று உங்களிடம் வந்தார். 60 வயது மனிதர் போனால் திறமை, 17 வயதுப் பையன் போனால் துரோகமா?

பேட்டன்ரூஜ் புலி:
கெல்லி "அரை மணி நேரத்தில் வீடு" என்று யாரிடமும் சொல்லவில்லை. பெரிய வேலை, பெரிய சம்பளம் என்று வந்தார். மறைக்கவில்லை. உங்கள் பையனைப் பணம் வாங்கியதற்காக நான் ஒரு வார்த்தை திட்டியிருக்கிறேனா? மேலே போய்ப் பாருங்கள். 2021 ஜூலையில் இருந்து மாணவர் தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை 1-ல் இருந்து கல்லூரியே நேரடியாக, முதல் வருடம் 2.05 கோடி டாலர் வரை, பிரித்துக் கொடுக்கலாம். பையன் வாங்கட்டும், அவன் முழங்கால் போனால் யார் பார்ப்பார்கள்? நான் கோபப்படுவது உங்கள் மேல். வாங்கியதை வாங்கினோம் என்று சொல்லாமல் பாசக் கதை கட்டுகிறீர்கள்.

கொலம்பஸ்காரன்:
அருமையாகச் சொன்னீர்கள் புலி. கதை கட்டுவது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது.

பேட்டன்ரூஜ் புலி:
நீங்கள் எனக்குத் துணைக்கு வர வேண்டாம் கொலம்பஸ். குவார்ட்டர்பேக் ஜோ பரோவை எப்படி நடத்தினீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒஹாயோவிலேயே ஏதென்ஸில் வளர்ந்த பையன். உங்கள் மைதானத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூன்று வருடம் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். 2018-ல் எங்களிடம் வந்தான். 2019-ல் 60 டச்டவுன் பாஸ், நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது, 15 ஆட்டத்திலும் வெற்றி, கோப்பை. வீட்டுப் பக்கம்தான் எல்லாம் என்றால் அவன் ஏன் லூசியானா வரை வந்தான்?

கொலம்பஸ்காரன்:
பரோ ஒஹாயோ ஸ்டேட் பட்டதாரி. பட்டம் வாங்கிவிட்டுத்தான் உங்களிடம் வந்தான். அவனை உருவாக்கியது நாங்கள்.

பேட்டன்ரூஜ் புலி:
உருவாக்கியவர்கள் ஆட விட்டிருக்கலாமே.

கொலம்பஸ்காரன்:
அப்போது அந்த இடத்துக்கு டுவெயின் ஹாஸ்கின்ஸ் இருந்தான். அவன் என்ன லேசுப்பட்டவனா? மறைந்தவனைக் குறைத்துப் பேசாதீர்கள்.

பேட்டன்ரூஜ் புலி:
ஹாஸ்கின்ஸ் பெயரை நான் எடுக்கவே இல்லை. நீங்களாகக் கொண்டு வந்துவிட்டு என் மேல் போடாதீர்கள்.

நீலமஞ்சள்:
பரோ விஷயத்தில் புலி என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறார். ஒவ்வொரு பையனுக்கும் ஒவ்வொரு காரணம். பரோவுக்கு ஆட இடம் வேண்டும், அண்டர்வுட்டுக்கு வீடு வேண்டும். அவன் பெல்வில் பள்ளிக்கு 2021-லும் 2022-லும் மாநிலக் கோப்பை வாங்கிக் கொடுத்தவன். அந்த ஊரே அவனைக் கொண்டாடுகிறது. 1,07,601 பேர் உட்காரும் மைதானத்தில் ஊர் ஜனம் முன்னால் ஆடுவதற்கு விலை உண்டா?

பேட்டன்ரூஜ் புலி:
விலை உண்டு. ஒரு கோடிக்கு மேல் என்று கொலம்பஸ் மேலே எழுதியிருக்கிறார். ஜனவரியிலும் அந்த மைதானத்தில் 1,07,601 பேருக்கு இடம் இருந்தது. ஜனவரியிலும் அதே அரை மணி நேரம். எது மாறியது என்று ஒரு வரியில் சொல்லுங்கள், நான் போய்விடுகிறேன்.

நீலமஞ்சள்:
சொல்லிவிட்டேன். பயிற்சியாளர்.

பேட்டன்ரூஜ் புலி:
பயிற்சியாளர் மாறியது ஜனவரி கடைசியில். மூர் வந்த பிறகு பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று அக்டோபர் வரை எங்களிடம்தான் இருந்தான். உங்கள் கணக்குப்படி பார்த்தாலும் ஒன்பது மாதம் இடிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. போன வருடம் பிப்ரவரியில் இதே நீலமஞ்சள் என்ன எழுதினார்? "அந்தப் பையன் எங்களுக்குத் தேவையே இல்லை, ஓட்டத்திலேயே ஜெயிப்போம்" என்று எழுதினார். நான் அன்று பதில் போடவில்லை. நவம்பரில் அவரே "எங்கள் பிள்ளை" என்று எழுதியபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நீலமஞ்சள்:
ஒன்றரை வருடத்துக்கு முன் எழுதியதைத் தோண்டி எடுக்கிறீர்கள். கோப்பை வாங்கியவர்கள் நாங்கள், நம்பிக்கை இருக்காதா? அந்த இறுதி ஆட்டத்தில் எதிரணி எறிந்த பந்தைப் பறித்து 81 கெஜம் ஓடிய சைன்ரிஸ்டில், பள்ளி நாளில் ஐந்துக்கு மூன்று நட்சத்திர மதிப்பீடு வாங்கிய பையன். நட்சத்திரம் எண்ணி அணி கட்டுகிறவர்கள் நாங்கள் இல்லை.

ஆஸ்டின் அண்ணாச்சி:
நட்சத்திரம் எண்ணாதவர் ஐந்து நட்சத்திரப் பையனுக்காக நூறு வரி எழுதுகிறார்.

நீலமஞ்சள்:
அண்ணாச்சி, உங்கள் டெக்சாஸ் அணியில் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் குடும்பமான மேனிங் வீட்டுப் பையனை வைத்துக்கொண்டு நட்சத்திரம் பற்றி எனக்குப் பாடமா?

ஆஸ்டின் அண்ணாச்சி:
ஆர்ச் மேனிங் இரண்டு வருடம் பொறுமையாகக் காத்திருந்தான். எங்கும் தாவவில்லை. அவன் பெயரை இங்கே இழுக்காதீர்கள், சொல்லிவிட்டேன்.

புதுவரவு:
இன்னும் புரியவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகும் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) வழியாகப் போகலாம் என்றால், அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

நீலமஞ்சள்:
ஆகஸ்ட் 30 அன்று நியூ மெக்சிகோவோடு முதல் ஆட்டம், அடுத்த வாரம் ஓக்லஹோமா. பையன் எறியும் முதல் பந்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் புலி.

பேட்டன்ரூஜ் புலி:
எங்களுக்கு அதே நாள் கிளெம்சனில் ஆட்டம். எங்களிடம் குவார்ட்டர்பேக் நஸ்மையர் இருக்கிறான், போன வருடம் 4,052 கெஜம் எறிந்தவன். உங்கள் பையன் நன்றாக ஆடட்டும், அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஹைஸ்மனே வாங்கட்டும். வாங்கினாலும் ஜனவரி 2024-ல் பெல்வில்லுக்கும் ஆன் ஆர்பருக்கும் நடுவில் அரை மணி நேரம்தான். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கொலம்பஸ்காரன்:
34-23.

நீலமஞ்சள்:
நெரிசல் இல்லாவிட்டால் இருபத்தைந்து நிமிடம்.