சர்வர் வாங்குவதா, கிளவுடுக்குப் போவதா: முதலாளி போட்ட கணக்கு சரியா?

பனியன்நூல்:
திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனி. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் என் தலையில்தான். டாலி கணக்கு, சம்பளம், ஷிப்பிங் பேப்பர் அத்தனையும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரே சர்வரில். வயது 7. பஞ்சு அடைத்து ஃபேன் கத்துகிறது. புதிது வாங்கினால் 6 லட்சம். தன் சர்வரை இன்டர்நெட் வழியாக வாடகைக்குத் தரும் கிளவுட்காரர் மாதம் 28,000 கேட்கிறார். "5 வருசத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம். நமக்கென்ன பைத்தியமா?" என்று முதலாளி பேச்சை முடித்துவிட்டார். அவர் கணக்கு சரிதானா?

பழைய_யூபிஎஸ்:
பாதிக் கணக்குங்க தம்பி. ஏசி கரண்ட், யூபிஎஸ் பேட்டரி, வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி), ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீங்கள் ஓடிவருவது, எதையும் அவர் எழுதவில்லையே. நான் ஒரு நூற்பாலையில் இருந்தபோது எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஆனாலும் கிளவுட்தான் கூடுதல்.

அப்புறம் விலையை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு பிரிவுக்கும் போய் ஒன்றே ஒன்று கேட்டேன்: சர்வர் படுத்துவிட்டால் எத்தனை மணி நேரம் சமாளிப்பீர்கள்? கணக்குப் பிரிவு ஒரு நாள் என்றது. ஷிப்பிங் பார்த்தவரோ, கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும் நாள் என்றால் ஒரு மணி நேரம்கூட முடியாது என்றார். அதனால் ஷிப்பிங் பேப்பரும் மெயிலும் மட்டும் கிளவுடுக்குப் போயின. டாலி மில்லுக்குள்ளேயே இருந்தது.

ரேக்_ராசா:
எதற்கு வீண் வாடகை? ஊரார் ஃபைலை நெட்டில் வைத்துக்கொடுக்கும் டிராப்பாக்ஸே அமேசான் கிளவுடிலிருந்து பெரும்பகுதியைச் சொந்த சர்வருக்கு மாற்றி, 2 வருடத்தில் ஏறக்குறைய 7.5 கோடி டாலர் மிச்சம் பிடித்தது. 2018இல் பங்குச் சந்தைக்கு வரும்போது அவர்களே காட்டிய கணக்கு.

பழைய_யூபிஎஸ்:
உண்மைதான். ஆனால் அது கோடிக்கணக்கான பேரின் ஃபைலை வைத்திருப்பவர்கள் கணக்கு. சர்வரைப் பார்க்கவே அங்கே ஒரு படை இருக்கும். இங்கே தம்பி ஒருத்தர்தான்.

இன்னொன்றை விட்டுவிட்டேன். கிளவுட் என்றால் பேக்கப் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தது. வேறு ஊரில் நகல் வைக்காத பலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் பிரைவேட் லிமிடெட்டா? அப்படியானால் கம்பெனிகள் கணக்கு விதிகளின் 2022 ஆகஸ்ட் திருத்தப்படி, கணக்குப் புத்தகத்தின் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் ஏற வேண்டும். டேட்டா மும்பையில் இருக்குமா, ஹைதராபாத்திலா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பார்ட்னர்ஷிப் என்றால் இந்த விதி கிடையாது.

பனியன்நூல்:
பிரைவேட் லிமிடெட்தானுங்க. அண்ணன் சொன்ன கேள்வியை முதலாளியிடமே கேட்டேன். சர்வர் இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கும்? "கண்டெய்னர் நாளா, சாதா நாளா?" என்றார். நாளைக்கு பேட்டரி பில்லோடு மறுபடி போகிறேன்.