தியேட்டர் இடத்தில் 12 மாடி: கையெழுத்துப் போடலாமா?

வளவுவீடு:
காரைக்குடியில் எங்கள் ஐயா கட்டிய தியேட்டர் ஓடாமல் பதினோரு வருடம் ஆகிறது. கூரைத் தகரம் பாதி பறந்து, பால்கனியில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பங்காளிகள் ஏழு பேர், இருவர் மலேசியாவில். இப்போது ஒரு பில்டர் வந்து, கீழே இரண்டு ஸ்கிரீன், மேலே 12 மாடி ஃபிளாட் என்று கலர் படம் காட்டுகிறார். (படத்தில் எதிரே புல்வெளி. நிஜத்தில் அங்கே பரோட்டாக் கடை.) முன்பணம் கிடையாது, பவர் (எங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) மட்டும் எழுதிக் கேட்கிறார். முன்பு ஒருவர் இதே இடத்துக்கு 8 மாடிப் படம் தந்தார். அது அப்பத்தா பெட்டகத்தில் சுருண்டு கிடக்கிறது. போடலாமா?

கம்பிக்கட்டு:
அண்ணே, கட்டட டிசைன்தான் என் பிழைப்பு. ஹாலுக்கு நடுவில் தூண் வந்தால் திரை மறையும். ஃபிளாட்டுக்கோ நாலைந்து மீட்டருக்கு ஒரு தூண் வேண்டும். அந்தத் தூண்களெல்லாம் ஹால் கூரையில் எதன்மேல் உட்காரும்? ஆள் உயரத்தைவிடத் தடிமனான பீம் போட்டுச் சுமையை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். அந்த ஒரு தளமே பணத்தைக் குடித்துவிடும். ஸ்பீக்கர் அதிர்வு வேறு தூண் வழியே படுக்கையறைக்கு ஏறும். மால்களில் பெரும்பாலும் ஸ்கிரீனை உச்சித் தளத்தில் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கலர் படம் வேண்டாம், பீம் வரைபடம் கேளுங்கள்.

வைகைக்கரை:
எங்கள் மதுரையில் தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தது. பல வருடம் பூட்டிக் கிடந்து, அப்புறம் ஜவுளிக்கடை ஆனது. மேலே யாரும் குடியிருக்கவில்லை.

பத்திரம்பார்:
முதலில் ரோட்டை அளந்து பாருங்கள். கட்டடத்தின் உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது ‘உயரக் கட்டடம்’. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிப்படி அதற்குக் குறைந்தது 12 மீட்டர் ரோடு வேண்டும். பவரை இப்போதே கொடுக்காதீர்கள். அனுமதி வாங்காவிட்டால் ஒப்பந்தம் தானாக ரத்து என்று தேதி போட்டு எழுதுங்கள். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதியாமல் ஒரு ஃபிளாட்டுக்கும் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ஏழு பேருக்கும் பிரிபடாத பாகம் (மனையில் ஆளுக்குரிய பங்கு) எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்திலேயே வரட்டும்.

வளவுவீடு:
நேற்று மகனோடு டேப் பிடித்தேன். சாக்கடையையும் சேர்த்து ஒன்பதே கால் மீட்டர். பில்டரிடம் சொன்னேன். இன்று காலை வாட்ஸ்அப்பில் புதுப் படம் வந்திருக்கிறது: 10 மாடி. புல்வெளி அப்படியே இருக்கிறது.