பெரில் புயல்: ஜூன் மாதத்தில் இப்படி வந்ததே இல்லையா?

கப்நமதே | ஜூன் 30, 2024, இரவு 10.20
நேற்று ராத்திரி டி20 உலகக் கோப்பை, இன்றைக்குப் புயல். நம் ஆட்கள் கரீபியனில், பார்படாஸ் தீவின் பிரிட்ஜ்டவுனில் ஓட்டலோடு முடங்கிக் கிடக்கிறார்கள், விமான நிலையத்தையும் மூடப்போகிறார்களாம். பெரில் ஐந்து வகையில் நான்காம் வகைக்குப் போய்விட்டது, மணிக்கு 215 கி.மீ. அட்லாண்டிக்கில் ஜூன் மாதத்தில் நான்காம் வகைப் புயல் வந்ததே கிடையாதாம், இதுதான் முதல் தடவையாம். ரோகித்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தால் போதும்.

மழைமானி | 10.41
கிடையாதாம், தடவையாம். இந்த ‘ஆம்’ எல்லாம் எந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்து வருகிறது? 1957, ஜூன் 27. ஆட்ரி. லூசியானாவில் கரையேறியது. நான்காம் வகை. 400 பேருக்கு மேல் செத்தார்கள். நாற்பது வருஷமாகப் புயல் குறிப்பு எழுதி வைக்கிறவன் நான். எதையாவது போடும் முன் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் போடுங்கள் தம்பி.

பூவரசு | 10.58
ஐயா, சரிபார்த்தால் உங்களுக்குத்தான் சிக்கல். ஆட்ரியை அமெரிக்கர்களே மறு ஆய்வு செய்து மூன்றாம் வகைக்கு இறக்கிவிட்டார்கள். கரையேறும்போது காற்று மணிக்குச் சுமார் 200 கி.மீ.தான். நான்காம் வகை 209இல் தொடங்குகிறது. ஜூனில் வந்த பெரும்புயல்கள், அதாவது மூன்றாம் வகையும் அதற்கு மேலும், 1957 ஆட்ரியும் 1966 ஆல்மாவும். இரண்டுமே மூன்று. இதுவரை சீக்கிரமாக நான்கைத் தொட்டது 2005 ஜூலையில் டென்னிஸ். கப்நமதே சொன்னது சரி.

மழைமானி | 11.10
இறக்கினார்களா? யாரைக் கேட்டு இறக்கினார்கள்? என் அலமாரியில் இருக்கும் புத்தகத்தில் ஆட்ரிக்கு நேரே 4 என்று அச்சடித்திருக்கிறது. செத்தவர்களைப் புதைத்து ஐம்பது அறுபது வருஷம் கழித்து ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ‘அது அவ்வளவு பெரிய புயல் இல்லை’ என்பார்கள், நீங்களும் தலையாட்டுவீர்கள்.

ஜாதிக்காய் | 11.32
1957 இருக்கட்டும், நாளைக்கு என்ன ஆகப்போகிறது என்று யாராவது பேசுங்களேன். நான் கிரெனடாவில், செயின்ட் ஜார்ஜஸில் மூன்று வருஷம் இருந்தவள். எல்லோரும் பார்படாஸ், பார்படாஸ் என்கிறீர்கள். பாதையைப் பாருங்கள். புயலின் கண், அதாவது நடு மையம், பார்படாஸுக்குத் தெற்கே போகிறது. நேராக வாங்கிக்கொள்ளப் போவது கிரெனடாவும், அதற்கு வடக்கே இருக்கும் கரியாகூ, யூனியன் மாதிரிக் குட்டித் தீவுகளும்தான். புயல் மேற்கே ஓடுவதால் அதன் வலக்கை வடக்குப் பக்கம். காற்று மூர்க்கமாக இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

அந்த ஊரில் 1955 ஜேனட்டுக்கு அப்புறம் 49 வருஷம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. நாம் ரொம்பத் தெற்கே இருக்கிறோம், நமக்கு வராது என்று இருந்துவிட்டார்கள். 2004 செப்டம்பர் 7இல் ஐவன் வந்தது. பத்தில் ஒன்பது வீட்டுக்குச் சேதம், 39 பேர் போனார்கள். நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா சொல்வார்: தகரம் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போகும் முன்னால் ஈரத் துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்குமாம். அப்புறம் மழை நேரே கட்டில் மேல். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் எதிர் மலை முழுக்கப் பழுப்பு, ஓர் இலை கிடையாது. ஜாதிக்காய் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. புதிதாக நட்டால் காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும் மரம் அது. என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

மழைமானி | 11.40
அனுபவம் நன்றாக இருக்கிறது அம்மா. ஆனால் ஐவன் செப்டம்பர். இங்கே பேச்சு ஜூனைப் பற்றி.

நாகைக்காரன் | 11.47
அலை எவ்வளவு உயரம் வரும்? எங்கள் பக்கம் காற்றை யாரும் கேட்க மாட்டார்கள், கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்றுதான் கேட்பார்கள்.

பூவரசு | ஜூலை 1, நள்ளிரவு 12.05
கண் கரையேறும் இடத்தில் கடல் 6 முதல் 9 அடி வரை ஏறலாம் என்கிறார்கள். நம் கரை மாதிரி ஆழமில்லாத கடல் அங்கே இல்லை, கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே ஆழம். அதனால் தண்ணீர் குவிந்து ஊருக்குள் மைல் கணக்கில் வராது. ஆனால் அலை உடையாமல் கரை வரை வந்து அறையும். படகுத்துறை, கடலோரச் சாலை எல்லாம் அதில்தான் போகும். மழை 7 முதல் 15 செ.மீ. இதைக் கேட்டுவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று சிரிக்க வேண்டாம். பக்கத்துத் தீவான செயின்ட் வின்சென்ட்டில் லா சூஃப்ரியேர் எரிமலை 2021 ஏப்ரலில் வெடித்தது. அந்தச் சாம்பல் இன்னும் சரிவுகளில் இருக்கிறது, மழை விழுந்தால் சேறாக இறங்கும்.

இன்னொன்று. இந்த 3, 4, 5 எல்லாம் காற்றின் வேகத்துக்கு மட்டும் போட்ட எண். கடல் ஏற்றத்துக்கும் மழைக்கும் அதில் இடமில்லை. வகையை வைத்து இவ்வளவு சண்டை தேவையே இல்லை.

மழைமானி | 12.11
தேவையில்லை என்றால் ஆட்ரியை மூன்று என்று முதலில் திருத்தியது யார்? நீங்கள்தானே?

கப்நமதே | 12.15
நான் ஒரு வரி போட்டேன், ஒரு வரி. டீம் எப்போது கிளம்பும் என்று யாருக்காவது தெரியுமா?

வாலாஜா வம்பன் | 12.19
கிளம்பட்டும், முதலில் பைனலில் கேட்ச் பிடிக்கும்போது சூர்யகுமார் கால் எல்லைக் கயிற்றில் பட்டதா இல்லையா என்று சொல்லிவிட்டுக் கிளம்பட்டும்.

கப்நமதே | 12.20
ஆரம்பித்துவிட்டான். படவில்லை. 7 ரன்னில் ஜெயித்தோம். போய்த் தூங்கு.

மழைமானி | 12.34
கிரிக்கெட்டுக்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள். பூவரசு, பதில் இல்லையா? என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். 1957இல் கருவி கொண்டு அளந்தவனுக்குத் தெரியாதது, இப்போது கணினி முன்னால் உட்கார்ந்தவனுக்கு எப்படித் தெரியும்?

பூவரசு | 12.50
அளந்தவனின் குறிப்பைத்தான் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். கப்பல் குறிப்பு, காற்றழுத்தம், விமானப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து. அப்போது 3, 4 என்கிற வகையே கிடையாது ஐயா. சஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் எழுபதுகளில்தான் வந்தது. உங்கள் புத்தகத்தில் இருக்கும் அந்த 4ஐயும் பின்னால் யாரோ உட்கார்ந்துதான் போட்டார்கள். முதலில் போட்டவன் ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்திருந்தானோ?

மழைமானி | 12.58
நக்கல் பண்ணத் தெரிகிறது. வயதுக்கு மரியாதை தெரியவில்லை.

வாலாஜா வம்பன் | 1.02
மிக்ஜாம் சமயத்தில் ‘சென்னைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஓரமாகப் போய்விடும்’ என்று இங்கே எழுதிய பெரியவர் யார்? எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு படித்தேன்.

மழைமானி | 1.09
ஓரமாகத்தான் போனது. ஆந்திராவில்தான் கரையேறியது. நான் சொன்னதில் என்ன தப்பு? மழையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பழைய இழையைத் தோண்டுகிறவர்கள் முழுதாகத் தோண்டுங்கள்.

ஜாதிக்காய் | ஜூலை 1, இரவு 9.15
கரியாகூவில் கரையேறிவிட்டது. தோழி ஒருத்தி கிரெனடாவில் இருக்கிறாள், மதியத்துக்கு மேல் பதில் இல்லை. காலையில் பேசும்போது குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பதாகவும், ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டதாகவும் சொன்னாள். கரியாகூவில் யாருக்கும் போன் போகவில்லை.

நாகைக்காரன் | 9.40
கிடைத்துவிடுவாள் அம்மா. கஜாவின்போது எங்களுக்கும் டவர் எல்லாம் சாய்ந்து, அக்கா குரலைக் கேட்க மூன்று நாள் ஆனது.

மழைமானி | 9.52
வருந்துகிறேன். தோழி நலமாக இருக்கட்டும். ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: இது கரையேறிய தேதி ஜூலை 1. ஆகவே ஜூனில் கரையேறிய புயல்களில் ஆட்ரிதான் இன்றைக்கும் பெரியது. இதை யாரும் மறுக்க முடியாது.

பூவரசு | 9.58
இந்த நேரத்திலா ஐயா?

ஜாதிக்காய் | ஜூலை 2, காலை 7.10
தோழி பேசிவிட்டாள். கூரை இருக்கிறது, கரண்ட் இல்லை. கரியாகூ அரை மணி நேரத்தில் தரைமட்டமாகிவிட்டது என்று அவர்கள் பிரதமரே சொல்லியிருக்கிறார். யூனியன் தீவில் நிற்கிற வீட்டை எண்ணிவிடலாமாம். பார்படாஸில் கண் எட்டிப் பார்க்கவே இல்லை, ஆனாலும் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடு ஒன்று மோதி உடைந்து கிடக்கின்றன. நாகைக்காரன் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

பூவரசு | 8.50
இப்போது ஐந்தாம் வகை. மணிக்கு 260 கி.மீ. அட்லாண்டிக்கில் இவ்வளவு சீக்கிரம் ஐந்து வந்ததே இல்லை. 2005 எமிலி கூட ஜூலை நடுவில்தான். அடுத்து ஜமைக்கா. ஜூன் கடைசியிலேயே கடல் செப்டம்பர் மாதிரிச் சூடேறிக் கிடந்தால் இப்படித்தான். தாழ்வு மண்டலமாக இருந்தது பெரும்புயலாக 42 மணி நேரம்தான் எடுத்தது.

மழைமானி | 9.05
எந்தத் தேதி? ஜூலை 1ஆ, 2ஆ?

பூவரசு | 9.08
அங்கே ஜூலை 1 இரவு 11 மணி. நமக்கு ஜூலை 2 காலை.

மழைமானி | 9.11
அதுதான் கேட்கிறேன். கிரீன்விச் கணக்கில் ஜூலை 2. ஒழுங்காகக் குறிக்க வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு இதையும் ‘மறு ஆய்வு’ செய்வார்கள். சாயங்காலம் என் புத்தகத்தின் 1957 பக்கத்தைப் படமெடுத்துப் போடுகிறேன். பேத்தி வரட்டும், அவளுக்குத்தான் படம் ஏற்றத் தெரியும்.

கப்நமதே | 9.14
ஃப்ளைட் எப்போது?